ஒன்பது விதைகளும் ஒரு பூட்டும்

மகள் வீட்டை விட்டுப் போனது ஒரு புதன்கிழமை. பத்து மணிக்கு ரயில். எட்டரைக்கு அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து, ஒன்பது விதைகளை மணலில் இறக்கிக்கொண்டிருந்தாள்.

அம்மாவுக்குத் தொழில் பல்செட் செய்வது. டாக்டர்கள் அச்செடுத்து அனுப்புவார்கள். அவள் மெழுகில் ஈறு வடித்து, பற்களை ஒவ்வொன்றாக நிறுத்திக் கொடுப்பாள். வீட்டின் முன்னறைதான் பட்டறை. ஊரில் பாதிப் பேர் சிரிப்பது அக்கா கைப்பல்லால்தான் என்பார் மாடியில் குடியிருக்கும் தையல்காரர். அக்கா சிரித்துத்தான் பார்த்ததில்லை என்றும் சேர்த்துக்கொள்வார்.

கணவர் போய்ச் சேர்ந்த வருஷம், பல்செட் கச்சிதமாகப் பொருந்திய சந்தோஷத்தில் ஒரு கப்பல் சமையல்காரர் காய்ந்த காய் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். தென்னாப்பிரிக்காவில் பாறை இடுக்கில் கிடைத்ததாம். சட்டைப் பொத்தான் அளவுதான் இருந்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் நட்சத்திரம் போல விரியும், காய்ந்ததும் மூடிக்கொள்ளும். மழை வந்தால்தான் விதையை வெளியே விடும் சாதி அது. மகளுக்கு அப்போது ஆறு வயது. "மழை வந்துடுச்சு, கதவைத் திற" என்று அந்தக் காயிடம் சொல்லிச் சொல்லி, நாள் முழுக்கத் திறந்து மூடுவாள்.

அந்தக் காயில் இருந்த விதைகளில் தொடங்கியதுதான். பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் கிழக்கு ஜன்னல் முழுக்க, பற்கள் வரும் சின்ன டப்பாக்களில் குட்டிச் செடிகள் நிறைந்துவிட்டன. செடி என்றால் பார்ப்பவர்கள் நம்ப மாட்டார்கள். பட்டாணி அளவில் ஒரு சதைக் குமிழ், உச்சியில் ஒரு கீறல், அவ்வளவுதான். "கல்லுக்குத் தண்ணி ஊத்துறீங்களேக்கா, எப்ப குட்டி போடும்?" என்று தையல்காரர் கேட்டபோது, மூணு வருஷம் ஆகும் என்று அவள் நிஜமாகவே பதில் சொன்னாள்.

அந்தப் புதன்கிழமை இறக்கிய விதைகள் ஒரே ஒரு குன்றில் மட்டும் வளரும் ரகம். ஒரு வளர்ப்பாளரிடம் சொல்லிவைத்து இரண்டு வருஷம் கழித்துத் தபாலில் வந்தவை. முதல் நாளே ஊறப் போட்டிருந்தாள். ஈரமான பல்குத்தும் குச்சியின் நுனியில் ஒரு விதையைத் தொட்டெடுத்து, மணலில் வைத்து, அடுத்ததைத் தொட வேண்டும். தும்மினால் போச்சு.

மகள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து நின்றாள். மூன்றாவது வேலையையும் விட்டிருந்தாள். எங்கே என்று ஒரு வாரமாகக் கேட்டும், போய்விட்டுச் சொல்கிறேன் என்பதற்கு மேல் பேச்சில்லை.

"ஸ்டேஷன் வரைக்கும் வரியாம்மா?"

"விதை ஊறிடுச்சு. இப்ப விட்டா வீணாயிடும்."

"ஒரு பூவுக்கு மூணு வருஷம் காத்திருப்ப. எனக்கு ஒரு மணி நேரம் கிடையாது."

ஆறாவது விதை குச்சி நுனியில் இருந்தது. அம்மா தலை நிமிரவில்லை. "போறவ சாவிய வச்சிட்டுப் போ. இல்லன்னா பூட்ட மாத்திடுவேன்" என்றாள்.

மகள் சாவியை வைக்கவில்லை. கதவு சாத்தும் சத்தம் கேட்டது. அம்மா மீதி மூன்றையும் வைத்து, டப்பாவைக் கண்ணாடியால் மூடி, வழக்கம்போல் தேதியை எழுதி ஒட்டினாள். அதற்குப் பிறகுதான் வாசலைத் திரும்பிப் பார்த்தாள்.

ஆறு முளைத்தன. தினமும் மகளுக்கு ஒரு செய்தி அனுப்பினாள்: சாப்பிட்டியா, எங்க இருக்க, உடம்பு எப்படி. சில நாள் பதில் வந்தது. பிறகு அதுவும் நின்றது.

வெயில் காலம் வந்தது. இந்தச் செடிகள் அப்போது தூங்கும். பழைய உடம்பு வற்றி, காகிதம் போல் சுருண்டு, புது உடம்பை உள்ளே பொத்தி வைத்துக்கொள்ளும். பார்த்தால் செத்த மாதிரிதான் இருக்கும்; தண்ணீரைக் காட்டக் கூடாது. இது அவளுக்கு அத்துப்படி. பெரிய செடிகளைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். ஆனால் மகளின் பிறந்தநாளும் சத்தமில்லாமல் கழிந்த அன்று மத்தியானம், அந்த ஆறும் சுருங்கிக் கிடப்பதைப் பார்த்தாள். மனசு கேட்கவில்லை. சொட்டுக் குழாயை எடுத்து ஒவ்வொன்றுக்கும் இரண்டு சொட்டு விட்டாள்.

நாலாம் நாள் நான்கு செடிகள் கூழாகியிருந்தன.

அவற்றை மெழுகுக் கத்தியால் வழித்தெடுத்தாள். மிஞ்சிய இரண்டோடு டப்பாவை நிழலுக்கு நகர்த்தினாள். சொட்டுக் குழாயை மாடிக்குக் கொண்டுபோய், மழைக் காலம் வரும்வரை வைத்திருங்கள் என்று தையல்காரரிடம் கொடுத்தாள். அன்றிலிருந்து மகளுக்கும் எதுவும் அனுப்பவில்லை. அனுப்பாமல் இருப்பதுதான் கஷ்டமாக இருந்தது. ஒரு நாளைக்குப் பத்துத் தடவை போனை எடுத்து எடுத்து வைத்தாள்.

இதற்கிடையில் வாசல் பூட்டு மக்கர் பண்ண ஆரம்பித்தது. சாவியைப் பாதி நுழைத்து, கதவை முழங்காலால் தள்ளி, இடப்பக்கம் அழுத்தினால்தான் திறக்கும். "புதுசா ஒண்ணு வாங்கிப் போடுங்கக்கா. தினம் கதவோட குஸ்தி போட முடியுமா?" என்றார் தையல்காரர். இன்னும் திறக்குதே என்று சொல்லிவிட்டாள். வாரத்துக்கு ஒருமுறை எண்ணெய் விட்டாள். நாலாவது வருஷம் எண்ணெய்க்கும் மசியாதபோது, பல்லிடுக்கைச் சுத்தம் செய்வது போல மெழுகு வேலைக் கருவிகளை வைத்து உள்ளே இருந்த துருவைச் சுரண்டி எடுத்தாள். தையல்காரர் படியில் நின்று வெகுநேரம் பார்த்தார். அதன்பிறகு பூட்டைப் பற்றிப் பேசவில்லை.

அந்த வருஷம் இரண்டில் ஒன்று பூத்தது. அரிசி அளவில் ஊதாப் பூ. மற்றது பூக்கவில்லை. இரண்டும் ஒன்றாகப் பூத்தால்தான் காய் பிடிக்கும். தேதிச் சீட்டில் எழுத்து மங்கியிருந்தது. அதன் மேலேயே மறுபடி எழுதினாள்.

ஐந்தாவது வெயில் காலத்தில், இரண்டும் காகிதத்துக்குள் போய்விட்டிருந்த ஒரு காலையில், அவள் ஒரு கீழ்த்தாடைக்குப் பல் நிறுத்திக்கொண்டிருந்தபோது போன் அதிர்ந்தது. தெரியாத எண். கையில் மெழுகோடுதான் படித்தாள்.

"அம்மா, சாவி இன்னும் எங்கிட்டதான் இருக்கு. பூட்ட மாத்திட்டியா?"