அக்கா இறந்தது மின்கசிவால், மாரடைப்பால் அல்ல

அக்காவின் நினைவு நாள் அட்டையில் "இறைவனடி சேர்ந்தார்" என்று அச்சிட்டிருக்கிறோம். அது மரபு. அக்கா எப்படி இறந்தார் என்பதை உறவினர் பலர் மாற்றிச் சொல்லித் திரிவதால், நடந்ததை நான் எழுதுகிறேன்.

அக்கா சாத்தான்குளத்தில் பிறந்தார். அப்பா காலமானபோது கல்லூரியில் இயற்பியல் படித்துக்கொண்டிருந்தார். மாலையில் டியூஷன் எடுத்துத் தன் படிப்பை முடித்து, என்னையும் படிக்க வைத்தார். அப்போது எட்டிப் பார்க்காத சொந்தம், அவருக்குத் தூத்துக்குடியில் ஆசிரியை வேலை கிடைத்ததும் பலகாரத்தோடு வந்தது. அவர்களுக்கும் முகம் கோணாமல் காப்பி கொடுத்தவர் அக்கா. எனக்கு அந்தக் குணம் கிடையாது.

பத்தாம் வகுப்புக்கு மின்னோட்டம் நடத்துவது அவருக்குத் தனிப் பிரியம். "மாடித் தொட்டி உசரத்துல இருக்கதாலதான தண்ணி கீழ பாயுது? அந்த உசரம் மாதிரிதான் வோல்டேஜ். குழாயில ஓடுத தண்ணி கரண்டு. குழாய் ஒடுங்குனா தண்ணி கொறையும்லா, அது தடை" என்பார். உடனே, "ஆனா கரண்டு திரும்பி வர வழி இருந்தாத்தான் ஓடும்" என்றும் சேர்ப்பார்.

தூத்துக்குடியில் நாங்களும் சித்தப்பா குடும்பமும் ஒரே காம்பவுண்டில் இருந்தோம். கிணற்று மோட்டார் பொது. அதைப் போட்டாலே டிரிப்பர் என்கிற பாதுகாப்பு சுவிட்ச் விழுந்து மின்சாரம் நின்றது. சித்தப்பா எரிச்சல்பட்டார். அக்கா பொறுமையாகச் சொன்னார்:

"சித்தப்பா, போற கரண்டும் திரும்பி வார கரண்டும் சமமா இருக்கணும். கொறஞ்சா எங்கயோ கசியுதுன்னு அர்த்தம். அதான் டிரிப்பர் விழுது. எர்த் வயரும் அத்துக் கெடக்கு, மோட்டாரக் கழத்திப் பாக்கச் சொல்லுங்க."

"ஏளா, பள்ளிக்கூடத்துப் பாடத்த இங்கன நடத்தாத."

மறுநாள் சித்தப்பா எலெக்ட்ரீஷியனை அழைத்து, டிரிப்பரைத் தவிர்த்து மோட்டாருக்கு நேரடியாக இணைப்புக் கொடுக்க வைத்தார். எங்களிடம் சொல்லவில்லை. டிரிப்பர் விழுவது நின்றதால், மோட்டாரைப் பழுது பார்த்துவிட்டார் என்றே அக்கா நம்பினார்.

முற்றத்தில் மழைத் தண்ணீர் நின்ற ஒரு காலையில், அக்கா வெறுங்காலோடு போய் மோட்டார் குழாயின் இரும்பு வால்வைத் திருகினார். கசிந்த மின்சாரம் அவர் உடல் வழியே ஈரத் தரைக்கு இறங்கியது. எதிர்வீட்டு அண்ணாச்சி ஓடிவந்து மெயினை அணைத்து அக்காவைத் தூக்கினார். மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே உயிர் பிரிந்தது.

"மாரடைப்பு" என்று சித்தப்பா ஊரெல்லாம் போன் செய்தார். நான் பிரேதப் பரிசோதனை கேட்டதும், "பொம்பளப் பிள்ள உடம்ப அறுக்கச் சொல்லுதியாலே?" என்று சட்டையைப் பிடித்தார். கூடி நின்ற சொந்தம் அவரோடு சேர்ந்துகொண்டது. நான் விடவில்லை. உள்ளங்கையில் மின்சாரம் சுட்ட காயம் இருப்பதாக மருத்துவர் எழுதினார்.

அக்காவின் உடலுக்காக நாங்கள் பிணவறை வாசலில் நின்ற நேரத்தில், சித்தப்பா அதே எலெக்ட்ரீஷியனிடம் டிரிப்பர் இணைப்பைப் பழையபடி கொடுக்கச் சொல்லியிருக்கிறார். அவர் மறுத்து, தான் செய்ததையும் சேர்த்துக் காவல் நிலையத்தில் சொல்லிவிட்டார். வழக்கு நடக்கிறது. "குடும்ப மானம்" என்று அதை வாபஸ் வாங்கச் சொல்லி வருகிறவர்களுக்கு ஒரு கேள்வி: அக்கா உங்கள் குடும்பம் இல்லையா?

தண்ணீரில் இறங்கி அக்காவைத் தூக்கிய அண்ணாச்சிக்கும், உண்மையை எழுதிய மருத்துவருக்கும், சுடுகாடுவரை அழுதுகொண்டே வந்த மாணவியருக்கும் எங்கள் நன்றி. மற்றவர்களுக்குச் சொல்ல என்னிடம் நன்றி இல்லை. மதியம் பந்தி உண்டு. இருந்து சாப்பிட்டுப் போங்கள். வழக்கைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறக்க வேண்டாம்.

இப்படிக்கு,
தம்பி