நொயெலி மூடிய பலகைகள்

என் தங்கை நொயெலிக்கு வரும் நவம்பரில் ஐம்பது முடிகிறது. அதில் முப்பத்து மூன்று ஆண்டுகள் எங்கள் ஊர்ப் பழைய வெந்நீரூற்றுக் குளியலகத்தில் கழிந்தவை. பெண்கள் பகுதியில் கல்தொட்டிகள் பதினொன்று; பதினொன்றும் அவள் பொறுப்பு. மூட்டுவலிக்காரர்கள் பாரிஸிலிருந்தும் லியோனிலிருந்தும் வருவார்கள். அவர்கள் இறங்குவதற்கு முன் அவள் தொட்டியில் முழங்கையை நனைத்துப் பார்ப்பாள். முப்பத்தேழு டிகிரி என்றால் முப்பத்தேழுதான். என் ரொட்டிக்கடை வெப்பமானியைக் கொண்டுபோய் ஒன்பது முறை சோதித்திருக்கிறேன். ஒரே ஒரு முறை அரை டிகிரி பிசகியது. அன்று அவளுக்குக் காய்ச்சல்.

ஊற்றிலிருந்து எண்பத்திரண்டு டிகிரியில் வரும் நீரில் ஆற்றுத் தண்ணீரைக் கலந்துவிட்டால் வேலை சுலபம். அவள் கலக்க மாட்டாள். முதல் நாள் மாலையே ஊற்றுநீரைப் பிடித்து ஆறவைத்து, காலையில் அதைச் சுடுநீரோடு சேர்ப்பாள். "வந்தவங்க ஊத்தை நம்பி வந்தாங்க, ஆத்தை நம்பி இல்ல" என்பாள்.

1961 ஜூலையில் அந்தக் குளியலகமே மூடப்படும் நிலை வந்தது. கிளெர்மோனிலிருந்து வந்த ஒரு பொறியாளர் குளியலகக் குழாயில் நீரின் சூட்டை அளந்தார். ஐம்பத்தாறு. முந்தைய ஆண்டு எழுபத்தொன்று. அறுபதுக்குக் கீழே போனால் சிகிச்சைக் குளியலுக்கு அனுமதி இல்லை. தெருவுக்கடியில் ஊற்றுநீர் வரும் கால்வாய் எங்கோ உடைந்திருக்கிறது, அந்தக் கிழட்டுக் கட்டடத்துக்காகத் தெருவைத் தோண்டுவது வீண், மூடிவிடலாம் என்று நகரசபையில் சொன்னார்.

நொயெலி எழுந்து, கால்வாய் உடையவில்லை, எட்டு நாள் வேண்டும் என்றாள். தோண்ட ஆள் வைத்திருக்கிறீர்களா என்று அவர் கேட்டார்.

"ஆள் வேணாம் சார். செருப்பைக் கழட்டினாப் போதும்."

மறுநாள் விடியலில் சதுக்கத்து ஊற்றிலிருந்து குளியலகம் வரை வெறுங்காலோடு நடந்தாள். கால்வாய் போகும் இடமெல்லாம் தெருக்கல் சுடும். உடைந்திருந்தால் ஓரிடத்தில் ஈரமும் சூடும் தேங்கியிருக்க வேண்டும். அப்படி எங்கும் இல்லை. ஆனால் இருபத்து மூன்று வீட்டு வாசற்கல்லும் வெதுவெதுப்பாக இருந்தது.

எங்கள் தெருவில் யாரும் குளிர்காலத்துக்கு விறகு வாங்குவதில்லை. ஒவ்வொரு வீட்டுக்கும் கால்வாயில் ஒரு மரப்பலகை உண்டு. நவம்பரில் அதைத் தூக்கினால் வெந்நீர் தரைக்கடியில் ஓடி வீட்டைச் சூடாக்கும். ஜூன் கடைசியில் வரும் புனித யோவான் திருநாளில் பலகையை அடித்து இறக்கிவிட வேண்டும். கோடை முழுவதும் நீர் குளியலகத்துக்கு. எல்லோரும் இறக்கித்தான் இருந்தோம், அந்த ஆண்டு மட்டும் ஒரு விரல் இடைவெளி விட்டு. எதிர்வீட்டு உர்சூல் அக்கா துணி காய்வதற்காக. செருப்புத் தைக்கும் கிழவர் தம் முழங்காலுக்காக. நான் மாவு பொங்குவதற்காக. ஒரு விரலால் என்ன குறைந்துவிடும் என்று அவரவர் நினைத்துக்கொண்டோம்.

அவள் முதலில் என் கடைக்குத்தான் வந்தாள். ஆறு மணி பத்து நிமிடம். உர்சூல் அக்காவோடு சேர்த்து மூன்று பெண்கள் ரொட்டிக்கு நின்றிருந்தார்கள்.

"அண்ணே, பலகையை இறக்கு."

இறக்கித்தான் இருக்கிறது என்றேன்.

"வாசக்கல்லு சுடுது. அது மேலதான் நிக்கிறேன்."

ஒரு விரல்தான் என்றேன்.

"இருபத்து மூணு வீட்லயும் ஒரு விரல்தான். எல்லாம் சேந்து என் தண்ணியை ஆற வைக்குது."

உர்சூல் அக்கா சிரித்தார். "கிராம் சுத்தமா மாவு நிறுக்கிற மனுசனுக்கு ஒரு விரல் கண்ணுல படலியா?"

"சிரிக்காதீங்கக்கா. உங்க வாசல் இவரு வாசலை விடச் சுடுது."

அந்த மூன்று பேர் பார்க்க, மரச்சுத்தியால் பலகையை அடி வரை இறக்கினேன். மாவு மெதுவாகப் பொங்கியதால் மறுநாள் ரொட்டி ஐம்பது நிமிடம் தாமதம். கேட்டவர்களிடமெல்லாம் காரணத்தை மறைக்காமல் சொன்னேன். அதன் பிறகு, உன் அண்ணன் வீட்டை முதலில் பார் என்று அவளிடம் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. ஆறு நாளில் இருபத்திரண்டு வீடு முடிந்தது. செருப்புக்காரக் கிழவர் மட்டும் கதவைத் திறக்கவில்லை. ஜன்னல் வழியாகவே அவரிடம் பேசினாள்.

"தாத்தா, வியாழக்கிழமை ஆம்பளைங்க பக்கத்துல ஒரு தொட்டி காலியா இருக்கு. தரைச்சூடு முழங்காலுக்குப் பத்தாது, வந்து ஊற வையுங்க."

அவர் பலகையை இறக்கிவிட்டுத்தான் கதவைத் திறந்தார்.

எட்டாம் நாள் பொறியாளர் மறுபடி அளந்தார். நானும் என் வெப்பமானியை நீட்டினேன். இரண்டும் எழுபத்தொன்றரை காட்டின. அவர் குறிப்பேட்டைத் திறந்து, எப்படிச் சரிசெய்தீர்கள், அறிக்கையில் என்ன எழுதுவது என்று கேட்டார்.

"கதவைத் தட்டினோம்னு எழுதுங்க" என்றாள் நொயெலி. ஏழாம் தொட்டியில் ஓர் அம்மாள் இறங்கக் காத்திருந்தார். அவள் சட்டைக் கையை மடித்துக்கொண்டு உள்ளே போனாள்.