ஏசுவடியான் அண்ணாச்சிக்கு அடிக்காத மணி

சனிக்கிழமை காலை வண்ணார்பேட்டையில் என் கடையைத் திறந்துகொண்டிருந்தபோது போதகர் போன் செய்தார். "நம்ம ஏசுவடியான் அண்ணாச்சி போயிட்டாவ." "துக்க மணி?" என்றேன். "அத அடக்கத்துல பாத்துக்கலாம்" என்று போனை வைத்தார்.

சீவலப்பேரிப் பக்கம் வயல்களுக்கு நடுவே நிற்கும் எங்கள் பழைய லுத்தரன் ஆலயத்தை அறிந்தவர்களுக்கு அண்ணாச்சியையும் தெரியும். ஆலயத்தைத் திறந்து, பெருக்கி, மணியடிக்கும் கோயில்குட்டி அவர்தான். சபையில் யார் இறந்தாலும் எத்தனை வயதோ அத்தனை முறை துக்க மணி அடிப்பது எங்கள் வழக்கம். இறந்தவர் எவ்வளவு வயதானவர் என்றாலும் அண்ணாச்சி கயிற்றை அடுத்தவர் கையில் தரமாட்டார். "வெரசா அடிச்சு முடிக்க இது என்ன பள்ளிக்கூட மணியாலே?" என்பார்.

மணிக்கூண்டின் சுண்ணாம்புச் சுவர் மேல் சிமெண்டு பூசியது எங்கள் தவறு. நான் சபைச் செயலர். தீர்மானத்தில் என் கையெழுத்து இருக்கிறது. "சுவருக்கு மூச்சு முட்டும், வேண்டாம்" என்று அண்ணாச்சி மட்டும்தான் சொன்னார். இவருக்கு என்ன தெரியும் என்று நாங்கள் சிரித்தோம். சில மழைக்காலங்களில் ஈரம் உள்ளேயே தங்கி கூண்டில் வெடிப்பு விழுந்தது. அன்றைக்கே அண்ணாச்சி மணிக்கயிற்றைக் கழற்றிச் சுருட்டி வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்.

அடுத்த மாதம் என் அம்மா இறந்தாள். அவர் வாசலில் போய் நின்று கெஞ்சினேன், பிறகு கத்தினேன். "ஒங்கம்மைக்கு நானும்தான் அழுதேன். ஆனா கயிறு தரமாட்டேன். கூண்டு விழுந்தா அப்புறம் யாருக்குமே மணி கெடையாதுலே" என்றார். அம்மாவை மணியில்லாமல் அடக்கம் செய்தோம். ஓராண்டு நான் அவரோடு பேசவில்லை.

அவர் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. கூண்டைச் சரிசெய்யக் கொத்தனார்கள் சிமெண்டைக் கொத்தி எடுத்த நாட்களில், "சாரத்துக்குக் கீழ நிக்காத, அங்கன தள்ளி நில்லு" என்று என்னைத் தினமும் விரட்டுவார். பேச்சு அப்படித்தான் திரும்பியது. மறுபடி சுண்ணாம்பு பூசி முடித்ததும் சுவரைத் தடவிப் பார்த்தார். "இன்னும் பச்சையாத்தான் இருக்கு, காயல. கிறிஸ்மஸ் வரைக்கும் மணியத் தொடக்கூடாது, நானே செத்தாலும் சரி" என்று சிரித்தார். கிறிஸ்மசுக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது.

அடக்கத்தன்று ஊரே சண்டைக்கு வந்தது. "எல்லாருக்கும் அடிச்ச மனுசனுக்கு மணி இல்லையா வே?" என்றார்கள். நியாயமான சண்டை. எனக்கும் அடித்துவிடத் துடித்தது. அப்போது அவர் மனைவி ஞானம் அக்கா உள்ளே போய்க் கயிற்றுச் சுருளை எடுத்துவந்து என்னிடம் நீட்டினார். "ஒங்க கையில குடுக்கச் சொன்னாவ தம்பி. நீங்கன்னா கிறிஸ்மசுக்கு முந்தி அடிக்க மாட்டியளாம்."

நான் அடிக்கவில்லை. வாய்விட்டு அழுதேன்.

கயிறு இப்போது என் வீட்டில் இருக்கிறது. கிறிஸ்மஸ் கழிந்ததும் கட்டுவேன். முதலில் அம்மாவுக்கு, பிறகு அவருக்கு. முந்திப் போனவள் அவள். வரிசை மாறினால் அண்ணாச்சி ஒத்துக்கொள்ள மாட்டார். வெரசா அடித்து முடிக்கவும் மாட்டேன்.