வெள்ளையம்மாள் காப்பீட்டில் சேர்ந்த கதை

விட்டுக்கொடுத்தல் என்பது அறங்களுள் ஓசையற்றது. கொடை பெற்றவர் ஊர் கூட்டிப் புகழ்வர். வீரம் கண்டவர் கல் நட்டு வணங்குவர். வரிசையில் பிறருக்கு முன்னிடம் தந்து பின்னே ஒதுங்கியவரை மட்டும் எவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அவ்வறத்தை ஐம்பத்தாறு ஆண்டுகளாக அயராது ஆற்றிவருபவர், ஜவ்வாது மலையில் சாமையும் புளியும் விளைவிக்கும் வெள்ளையம்மாள்.

ஒருமுறை ரேஷன் கடை வரிசையில், கைக்குழந்தையோடு வந்தவள், பேருந்துக்கு ஓடுகிறவர், முழங்கை வீங்கியவர் என ஒன்பது பேரைத் தமக்கு முன்னே விட்டார். தம் முறை வந்தபோது சர்க்கரை தீர்ந்திருந்தது. அம்மாதம் முழுதும் வெல்லத் தேநீர் குடித்து, "இதான் ருசி" என்று வீட்டாரையும் நம்பவைத்தார். கணவர் சந்திரன் உயிரோடிருந்த நாளில் ஊரார் முன் சொல்லிச் சிரிப்பாராம்: "எமன் வந்தாக்கூட இவ, 'மொதல்ல பக்கத்து வூட்டுக்குப் போய்ட்டு வாங்க'ன்னுதான் சொல்லுவா."

இத்தகையவருக்கு ஒரே மகள், சிவசங்கரி. சென்னையில் ஒரு நிறுவனத்தில் பணி. மலையடிவாரத்துச் சந்தவாசலில் பிறந்த வெற்றிவேலை விரும்பி மணந்தாள். அவர் சொந்தக் காரை வாடகைக்கு ஓட்டுபவர். வெற்றிவேலின் தாய் ரஞ்சிதமும் கணவரை இழந்தவரே. சந்தவாசலில் மளிகைக் கடை நடத்துகிறார். முப்பது ஆண்டுகள் நின்றே வணிகம் செய்ததில் முழங்கால் இரண்டும் தேய்ந்துவிட்டன.

சென்ற பங்குனியில் சிவசங்கரியின் நிறுவனம் ஓர் அறிவிப்பு விடுத்தது. ஊழியர்கள் தம் மருத்துவக் காப்பீட்டில் பெற்றோரையும் சேர்க்கலாம். முன்பே உள்ள நோய்க்கும் முதல் நாளிலிருந்தே காப்பு உண்டு. விதி ஒன்றுதான். தன் பெற்றோரைச் சேர்க்க வேண்டும், அல்லது கணவரின் பெற்றோரைச் சேர்க்க வேண்டும். பக்கத்துக்கு ஒருவராகச் சேர்க்க இயலாது. வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்குள் பெயரைப் பதிய வேண்டும். அதன்பின் மாற்றம் இல்லை.

சிக்னலுக்காகத் தாய் வீட்டின் பின்புறப் பாறையில் ஏறும் மாலை வேளையில் சிவசங்கரி அழைத்தாள்.

"அம்மா, உன் ஆதார் நம்பரச் சொல்லு. இன்சூரன்சுல சேக்கணும்."

"எனக்கு இன்னாத்துக்குடி அது? நல்லாத்தான இர்க்கேன். உன் மாமியாரச் சேரு. பாவம், குந்துனா எழுந்திருக்க முடியல அவங்களால."

"நாளைக்கி உனக்கு ஏதாவது ஆச்சின்னா?"

"எங்கிட்ட கெவர்மெண்டு காப்பீடு இர்க்குது. பொட்டில பத்திரமா வச்சிருக்கேன். வச்சிடு போன."

உண்மை வேறாக இருந்தது. தை மாதம் முதலே வலது விலாவின் கீழ் ஒரு வலி வந்து வந்து போயிற்று. போளூரில் ஸ்கேன் எடுத்தபோது, பித்தப்பையில் கற்கள் இருப்பதாகவும், விரைவில் பையையே எடுத்துவிட வேண்டும் என்றும் மருத்துவர் சொன்னார். புளி உலுக்கி முடியட்டும் என்று எண்ணி, வெள்ளையம்மாள் அறிக்கையை மடித்துப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். பிறகு அதைப்பற்றி எவரிடமும் வாய்திறக்கவில்லை.

தாய்க்கு அரசுக் காப்பீடு இருப்பதாகச் சொல்லி, மாமியார் பெயரைச் சேர்க்கலாமா என்று சிவசங்கரி கணவரைக் கேட்டாள். வெற்றிவேல் தம் தாயைக் கேட்டார். ரஞ்சிதமோ கடைக்காரர். "கண்ணால பாக்காத சரக்குக்கு நான் சரின்னு சொல்ல மாட்டேன்டா. அவங்க காப்பீட்ட நான் பாக்கணும்" என்று சொல்லிவிட்டு, வெள்ளிக்கிழமை காலைப் பேருந்தில் மலையேறினார்.

வெள்ளையம்மாள் சாமைச் சோறும் அவரைக்காய்க் குழம்பும் படைத்தார். சம்பந்திக்கு நெய்யை ஊற்றினார். தாம் கஞ்சியோடு நிறுத்திக்கொண்டார். கை கழுவிய ஈரம் உலருமுன் ரஞ்சிதம் தொடங்கினார்.

"பொட்டியத் தொறங்க சம்பந்தி."

"இப்ப இன்னாத்துக்குங்க? பஸ்சு வந்துரும்."

"பஸ்சு நாலு மணிக்கு. தொறங்க."

சம்பந்தி மூக்குக்கண்ணாடி கொண்டுவந்திருக்கமாட்டார் என்ற ஒரே நம்பிக்கையில், வெள்ளையம்மாள் ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து நீட்டினார். ரஞ்சிதம் இடுப்புச் சுருக்குப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டினார். முதல் தாளைப் பிரித்து, கடையில் சரக்குப் பட்டியல் படிக்கும் குரலில் உரக்கப் படித்தார்.

"இனம், பசு. நிறம், செவலை. கொம்பு, உள்வளைவு. ஈத்து, மூணு." கண்ணாடிக்கு மேலாக நிமிர்ந்து நோக்கினார். "சம்பந்தி, இது யாரு? நீங்களா?"

வெள்ளையம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

"வயசு ஆறுன்னு போட்ருக்குது. பரவால்ல, நல்லாதான் கொறச்சிச் சொல்லியிருக்கீங்க."

"மாட்டு டாக்டரு வந்து எழுதிக் குடுத்தாருங்க. காப்பீடுன்னாரு. கெவர்மெண்டுதுன்னாரு. நான் சொன்னதுல பொய்யி எங்க இர்க்குது?"

"பசுவு காதுல வில்லை இர்க்குது, அதுக்கு இன்சூரன்சு. உங்க காதுல கம்மலுதான இர்க்குது?"

இருவரும் சிரித்தனர். சிரிப்பு முற்றியபோது வெள்ளையம்மாள் திடீரென வலது விலாவைப் பற்றிக்கொண்டு குனிந்தார். நிமிர நேரமாயிற்று. ரஞ்சிதத்தின் சிரிப்பு நின்றது. உறைக்குள் இன்னொரு தாள் இருந்தது. அதை அவர் உரக்கப் படிக்கவில்லை.

"ரெண்டு மாசமாச்சே. யாருக்குத் தெரியும் இது?"

"இப்ப உங்களுக்கு."

"டாக்டரு இன்னா சொன்னாரு?"

"எடுத்துரணும்னாரு."

"தள்ளிப்போட்டா?"

வெள்ளையம்மாள் ஸ்கேன் அறிக்கையை வாங்கி மடிக்கப் பார்த்தார்.

"என் மூட்டு எங்கியும் ஓடிப் போவாது. வலிச்சிக்கினு அங்கியே கெடக்கும். உங்களுது அப்படியா?" என்று சொல்லி ரஞ்சிதம் கைபேசியை எடுத்தார். வீட்டினுள் சிக்னல் இல்லை. பின்புறத்துப் பாறையின் உச்சியில்தான் கிட்டும் என்று தெரிந்ததும், பாறையில் வெட்டிய படிகளில் கால்வைத்தார். மூன்றாம் படியிலேயே முகம் சுருங்கியது.

"ஐயோ, வேணாங்க! அந்தக் கால வச்சிக்கினு... எறங்குங்க, நான் போய்ச் சொல்றேன்!"

"நீங்க போனா, என் பேரச் சொல்லிட்டு வந்துருவீங்க. உங்கள எனக்குத் தெரியாதா? இன்னும் எத்தினி படி?"

"முப்பதுக்கு மேல."

"முப்பதும் ஏறுறேன். நின்னு பாத்துக்கினு இருங்க."

நான்காம் படி, ஐந்தாம் படி. ஏழாவதில் பாறையைப் பிடித்தபடி ரஞ்சிதம் மூச்சு வாங்கினார். எட்டாவதற்குக் காலைத் தூக்கினார். விட்டுக்கொடுப்பதில் மட்டும் ஒருவருக்கும் விட்டுக்கொடாத வெள்ளையம்மாள், தமக்காக ஒருவர் நோவதைப் பார்த்து நிற்கக் கற்றவர் அல்லர். ஒரே ஓட்டமாய் அவரைக் கடந்து உச்சிக்கு ஏறினார். மகளை அழைத்தார்.

"சங்கரி, எழுதிக்கோ."

"அத்தை பேராம்மா?"

கீழே எட்டாம் படியிலிருந்து குரல் வந்தது: "சத்தமா சொல்லுங்க! எனக்குக் கேக்கணும்!"

"என் பேரு. வெள்ளையம்மாள். உன் அம்மா பேர எழுது." பன்னிரண்டு எண்களையும் தவறின்றி ஒப்பித்தார். பிறகு, "வயித்துல கல்லு இர்க்குதாம்டி. ரெண்டு மாசமா சொல்லல, திட்டாத" என்றார். மகள் திட்டினாள். நெடுநேரம் திட்டினாள். திட்டிக்கொண்டே பெயரைப் பதிந்தும் விட்டாள்.

நாலு மணிப் பேருந்து ரஞ்சிதம் இல்லாமலே போயிற்று.

சித்திரையில் வேலூரில் அறுவை நடந்தது. செலவைக் காப்பீடு ஏற்றது. படுக்கையருகே அமர்ந்து கஞ்சி புகட்டியவர் ரஞ்சிதமே. "மொதல்ல நீங்க சாப்புடுங்க" என்று நோயாளி சொன்னபோதெல்லாம், "வாயத் தொறங்க" என்பதே அவருக்குக் கிட்டிய மறுமொழி. வெற்றிவேல் தாய்க்குத் தனியே ஒரு காப்பீடு எடுத்திருக்கிறார். மூட்டு மருத்துவத்திற்கு அதில் இரண்டாண்டு காத்திருக்க வேண்டும். "நாள் குறிச்சாச்சு, இனிமே கல்யாணப் பொண்ணு மாதிரி ஒக்காந்திருக்க வேண்டியதுதான்" என்கிறார் ரஞ்சிதம். அந்நாள் வரும்வரை வாரம் ஒருமுறை வெள்ளையம்மாள் மலையிறங்கி, கடையில் அவரை உட்காரவைத்துவிட்டுத் தாம் நின்று சரக்கு நிறுக்கிறார்.

படைவீட்டில் வீற்றிருக்கும் அன்னை ரேணுகாம்பாள் அவ்வில்லத்தைத் தன் நிழலில் வைத்துக் காத்தருள்க. அங்கே உலை ஓயாது கொதிக்க. வாயிலில் விருந்து குறையாது வருக. மகளின் மடியில் மழலை தவழ்க. உறவால் ஒன்றிய இரு தாயரும் நலிவின்றி நெடுங்காலம் வாழ்க.