துண்டிக்காத அழைப்பு

ஆளில்லாத வீட்டுக்குள் ஓர் ஆண் இருமியதைக் கேட்டுத்தான் கீழ் வீட்டு அக்காவின் கணவர் எனக்கு அறிமுகமானார். பொழிச்சலூரில் மாடிப் போர்ஷனுக்கு நாங்கள் குடிவந்த புதிது. மழை வந்தால் துணியை எடுத்து உள்ளே போடச் சொல்லிச் சாவியைக் கொடுத்துவிட்டு, அக்கா மகளைக் கூட்டிக்கொண்டு படப்பையில் இருக்கும் தன் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தார். மத்தியானம் தூறல் போட, துணியை அள்ளிக்கொண்டு கதவைத் திறந்தேன். கூடத்து மின்விசிறி நின்றிருந்தது. ஆனால் மின்விசிறி ஓடும் சத்தம் கேட்டது. அப்புறம் அந்த இருமல். பேய் பிசாசில் எனக்கு நம்பிக்கை கிடையாது, பயம் மட்டும் உண்டு. துணியை அங்கேயே போட்டுவிட்டு மாடிக்கு ஓடி வந்துவிட்டேன்.

சாயங்காலம் விஷயத்தைக் கேட்டு அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். "அது எங்க மச்சான்தான். சிங்கப்பூர்ல அவரு ரூம்ல தூங்கிட்டு இருந்திருப்பாரு. ஒரு வார்த்தை பேசிட்டு வந்திருக்கலாம்ல." கூடத்து மூலையில் திரை அணைந்த ஒரு கம்ப்யூட்டர், அதன் இரு பக்கமும் ஸ்பீக்கர், நடுவில் பஞ்சு சுற்றிய மைக். கணவர் கப்பல் பட்டறையில் இரவு ஷிஃப்ட் பார்த்துவிட்டுப் பகலில் தூங்குபவர். இதே மாதிரி ஒரு கம்ப்யூட்டர் அவர் அறையிலும் இருந்தது. இணையம் வழியாகப் போட்ட அழைப்பை இரண்டு பேருமே துண்டிப்பதில்லை. அவர் வேலைக்குப் போனாலும் அக்கா ஊருக்குப் போனாலும் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். தானாக அறுந்துபோனால் யார் முதலில் பார்க்கிறார்களோ அவர்கள் திரும்பப் போடுவார்கள்.

இணையத் தொலைபேசி ஏன் இப்படிப் பரவியது என்று கேட்டால், மலிவு என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறார்கள். அது பாதிதான் உண்மை. அதற்கு முன்னால் ஐ.எஸ்.டி. பூத்தில் சிவப்பு எண்கள் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே பேசினோம். நல்லா இருக்கியா, நல்லா இருக்கேன், வச்சிடட்டா. அந்த எண்களுக்குப் பயந்து ஒரு சண்டையைக்கூட முழுசாகப் போட முடியாது. இணையம் வந்த பிறகுதான் வெளிநாட்டில் இருக்கிறவரோடு பேசாமல் இருக்க முடிந்தது. அக்கா கோபித்துக்கொண்டு நாள் முழுக்க வாயைத் திறக்காமல் பாத்திரத்தை மட்டும் உருட்டுவார். அங்கே அவர் அதைக் கேட்டுக்கொண்டு படுத்திருப்பார். இதைப் பார்த்துத்தான் எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு இணைப்பு வாங்கினார்கள். இன்று என் மகள் வெளிநாட்டில் சமைக்கும்போது செல்போனை அடுப்பு மேடையில் சாய்த்து வைத்துவிடுகிறாள். முகமே தெரிகிறது. ஆனாலும் பேச்சு நின்றுபோனால் நான் இன்றும் உடனே எதையாவது கேட்டுவிடுகிறேன்.

உண்மையைச் சொன்னால், அந்தக் கூடத்தில் தனியாக உட்கார எனக்குப் பிடிக்காது. அக்கா ஏதாவது சொன்னால் ஒரு கணம் கழித்து அக்காவின் குரலே அந்தத் தொலைதூர அறையிலிருந்து திரும்பி வரும், வேறு யாரோ அக்காவைப் போலப் பேசிக் காட்டுவது மாதிரி. காலையில் அக்காவின் மகள் பள்ளிக்கூடப் பையை மாட்டிக்கொண்டு ஸ்பீக்கரைப் பார்த்து, "அத்தா, போயிட்டு வரேன்" என்பாள். தூக்கத்திலேயே அவர், "ம்" என்பார். பெரும்பாலும் அவர் பேச்சே அந்த ஒற்றை "ம்"தான். பக்கத்து விமான நிலையத்தில் இறங்கும் விமானம் எங்கள் கூரைக்கு மேல் தாழ்வாகப் போகும் சத்தம் அங்கே கேட்டால் மட்டும், "இதுல வந்துடட்டுமா?" என்று கேட்பார்.

அன்று எனக்கு விடுமுறை. தோசைமாவு கேட்டுக் கீழே போனேன். வழக்கமாக அவர் அறைக்குத் திரும்பும் நேரம் தாண்டியிருந்தது. அக்கா வேலையெல்லாம் விட்டுவிட்டு ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் அங்கே கதவு திறக்கும் சத்தம். செருப்பைக் கழற்றாத காலடி.

"வந்துட்டீங்களா மச்சான்?"

வெகுநேரம் பதில் இல்லை. பிறகு, "ம்."

"ஏன் லேட்டு? சாப்டீங்களா?"

"ம்."

அலமாரியைத் திறப்பது கேட்டது. காகிதங்கள் சரசரத்தன. கட்டிலில் யாரோ உட்கார்ந்த கிரீச்சொலி. மூக்கை உறிஞ்சுவது போல ஒரு சத்தம். அக்கா நிறுத்தாமல் பேசிக்கொண்டே போனார். மகளின் மார்க்கு, மோட்டார் ரிப்பேர், பக்கத்து மனைக்காரர் சுவரைத் தள்ளிக் கட்டியது. அவ்வளவு வேகமாக அவர் பேசி நான் கேட்டதில்லை. நடுவில் அக்காவின் செல்போன் அடித்தது. பெயரைப் பார்த்துவிட்டு அணைத்து வைத்தார். "படப்பை அண்ணன்தான். அப்புறம் பேசிக்கலாம். இவருதான் லைன்ல இருக்காரே" என்று என்னிடம் சொல்லிவிட்டு மறுபடியும் ஸ்பீக்கர் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் மாவை எடுத்துக்கொண்டு மேலே போய்விட்டேன்.

மத்தியானம் அண்ணனே ஆட்டோவில் வந்து இறங்கினார். அக்காவின் கணவர் விடியற்காலையில், வேலை முடிந்து வருகிற வழியில், பஸ் நிறுத்தத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் இறந்திருந்தார். சில நாள் கழித்து உடலோடு வந்த அறை நண்பர் வாசலில் உட்கார்ந்து அழுதார். பாஸ்போர்ட்டை எடுக்கத்தான் அறைக்கு வந்தேன், வந்துட்டீங்களா என்று குரல் கேட்டதும் சொல்ல வாய் வரவில்லை, என்ன செய்வதென்று தெரியாமல் "ம்" என்றுவிட்டேன், அப்புறம் நிறுத்த முடியவில்லை என்றார். செத்துப்போனவரின் கட்டிலில் உட்கார்ந்து அவர் பதிலை இன்னொருவர் சொல்லியிருக்கிறார், நானும் கையில் மாவோடு அதைக் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறேன்.

கணவனை இழந்தவர் வெளியே வராமல் இத்தா இருக்கும் மாதங்களில் நான் அடிக்கடி கீழே போய் அக்காவோடு உட்கார்ந்திருப்பேன். கம்ப்யூட்டருக்கு மேல் ஒரு துணி போர்த்தியிருந்தது. ஒரு நாள் மெதுவாக ஆரம்பித்தேன். "அந்த ஃப்ரெண்டு மேல கோவம் வெச்சுக்காதீங்க அக்கா. உங்கள ஏமாத்தணும்னு அவர் செய்யல."

"ஏமாந்தாத்தானே" என்றார் அக்கா. "முதல் தடவை 'ம்' சொன்னப்பவே தெரியும், அது அவரு இல்லன்னு."

"அப்புறம் எதுக்கு அக்கா அவ்ளோ நேரம் பேசினீங்க?"

அக்கா கம்ப்யூட்டர் மேலிருந்த துணியை இழுத்துச் சரிசெய்தார்.

"நான் பேச்சை நிறுத்தினா அந்தத் தம்பி சொல்லிடும்ல."