மாப்பிள்ளை கேட்ட கம்பளி பனியன்

என் வீட்டுக்காரருக்கு இந்த உலகத்தில் தெரியாத விஷயம் ஒன்றுதான், எப்போது வாயை மூடுவது என்பது. மற்றபடி எல்லாம் தெரியும். அமெரிக்கக் கப்பல் எந்தக் கடலில் எப்போது திரும்பும், ஜப்பான்காரன் எதற்காக ஏவுகணை வாங்குகிறான், மலாக்கா நீரிணையை எவனாவது அடைத்துவிட்டால் நம் ஊர் பெட்ரோல் பங்க் எத்தனை நாள் தாங்கும், எல்லாம் விரல் நுனியில். கடைக்கு வந்தவன் முக்கால் அங்குலக் குழாய் வளைவு இருக்கிறதா என்று கேட்டால் மட்டும், "அவளைக் கேளு" என்று என்னைக் காட்டுவார்.

அவர் பெயர் சுவா பெங்கூன். சீனாவின் தென்கரையில், ஷாந்தோவ் பழைய ஊரில் குழாய், வாஷர், கழிப்பறைப் பீங்கான் விற்கும் கடை எங்களுடையது. எங்களுடையது என்று சொல்வது ஒரு பேச்சுக்குத்தான். வியாபாரம் பார்ப்பது நான். அவர் முகப்பில் தேநீர்ப் பலகையைப் போட்டுக்கொண்டு நாட்டின் வெளியுறவுக் கொள்கையைப் பார்த்துக்கொள்வார். எங்கள் பக்கத்தில் எத்தனை பேர் உட்கார்ந்தாலும் மூன்று கோப்பைதான் வைப்போம், முறை போட்டுக் குடிப்போம். அந்த மூன்றும் பாதி நேரம் கோப்பையாக இருக்காது. ஒன்று ஜப்பான், ஒன்று தைவான், ஒன்று பிலிப்பைன்ஸ். கெண்டி அமெரிக்கா. இந்த மூன்றும் சேர்ந்து நம் கழுத்தில் போட்ட சுருக்கு என்று அவர் விளக்கிக்கொண்டிருக்கும்போது, எதிர்க்கடையில் மாட்டிறைச்சி உருண்டை விற்கும் ஆ-கிம், பிலிப்பைன்ஸை எடுத்துக் குடிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் பார்த்துக்கொண்டிருப்பார். தேநீர் ஆறிப்போகும்.

சரி, சொன்னதில் ஏதாவது நடந்ததா என்றால் அதுவும் இல்லை. ஒரு வருஷம் நிலாப் பண்டிகைக்குள் போர் நிச்சயம் என்றார். நானும் ஒரு பைத்தியக்காரி, நம்பி அரிசி மூட்டை வாங்கி அடுக்கினேன். போர் வரவில்லை, வண்டு வந்தது. இன்னொரு வருஷம் டாலர் விழப்போகிறது என்று சொல்லி, பக்கத்து வீட்டுப் பையனின் வெளிநாட்டுப் படிப்பையே நிறுத்தப் பார்த்தார். அந்தப் பையனின் அம்மா இன்றைக்கும் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள்.

இப்படிப்பட்ட மனிதருக்குக் கடற்படையில் மாப்பிள்ளை அமைந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

எங்கள் ஒரே பெண் சியோக்லெங், பல் மருத்துவமனையில் நர்ஸ். அவள் விரும்பிய பையன் தே வுன்ஹாவ், ஊர் சாவ்யாங் பக்கம். போர்க்கப்பலில் ராடார் திரை முன் உட்காரும் வேலை. நல்ல பையன், வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாது. முதல் தடவை வீட்டுக்கு வந்தபோது இவர் அவனைச் சாப்பிடவே விடவில்லை. உங்கள் கப்பல் எத்தனை கடல் மைல் போகும், அமெரிக்கன் விமானம் எவ்வளவு பக்கத்தில் வரும் என்று குடைந்துகொண்டே இருந்தார். அவன் எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான் சொன்னான்: "வாத்து நல்லா இருக்கு மாமா." இவருக்கு அதிலும் சந்தோஷம். பார்த்தாயா, எவ்வளவு கட்டுப்பாடு என்று ராத்திரி முழுவதும் என்னைத் தூங்கவிடவில்லை.

எனக்கு வேண்டியது ஒன்றுதான். பெண்ணின் கல்யாணம் நல்லபடியாக நடக்க வேண்டும், அதில் மாப்பிள்ளை ஆளாக வந்து நிற்க வேண்டும். இதைக்கூடக் கேட்கக் கூடாதா ஒரு தாய்?

முதல் தேதிக்கு மண்டபம் பிடித்தாயிற்று. எங்கிருந்தோ ஒரு பெரிய மனிதர் விமானத்தில் வந்து தைவானில் இறங்கினார். இந்தப் பக்கம் கோபம், போர்ப் பயிற்சி, எல்லார் விடுமுறையும் ரத்து. இரண்டாவது தேதி. தைவான் நீரிணை வழியாக எவனுடைய கப்பலோ போனது. மறுபடி ரத்து. வாஷிங்டனில் எவனோ தும்மினால் என் வீட்டில் கல்யாணம் நின்றுபோகிறது, இது என்ன அநியாயம் என்று நான் தலையில் அடித்துக்கொண்டேன். இவரோ தேநீர்ப் பலகையில் குதூகலமாக இருந்தார். நாம் காட்டுகிற பலத்தில் அவன் நடுங்கிப்போயிருக்கிறானாம். நடுங்கியது அவன் இல்லை, மண்டபத்துக்காரன் வாசலில் வந்து நின்றபோது நான்தான் நடுங்கினேன்.

இரண்டாவது தடவை நின்றபோது என் நாத்தனார் ஒரு யோசனை சொன்னாள். அந்தக் காலத்தில் மாப்பிள்ளை சயாமில் அரிசி ஆலையில் மாட்டிக்கொண்டால், ஒரு சேவலுக்குச் சிவப்புத் துணி கட்டி, பெண்ணின் பக்கத்தில் நிறுத்திச் சடங்கை முடித்துவிடுவார்களே, அப்படிச் செய்தால் என்ன என்றாள். விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று பார்த்தால், சேவலே பார்த்து வைத்திருக்கிறாள். என் பெண் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"அத்தை, நான் அவரைத்தான் கட்டிக்குவேன். சேவலை நீங்க குழம்பு வைங்க," என்றாள்.

மூன்றாவது தேதியை ஜோசியர் குளிர்காலத்தில் குறித்துக் கொடுத்தார். அதற்கு ஒரு மாதம் இருக்கும்போது வுன்ஹாவ் பெண்ணிடம் பேசினான். தேதியைக் கொஞ்சம் தள்ளிவைக்க முடியுமா என்று கேட்டான். காரணம் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. ஆனால் அவன் குரலில் சந்தோஷம் இருந்தது என்று அவளே என்னிடம் சொன்னாள். ரொம்ப நாளாக எதிர்பார்த்த ஒன்று அவனுக்குக் கிடைத்திருக்கிறது, திரும்பி வந்தால் பதவி உயர்வு இருக்கும், அவ்வளவுதான் அவளுக்கும் தெரியும். கடைசியில், என்னிடம் சொல்லி நல்ல கனமான கம்பளி பனியன் நாலு வாங்கி அனுப்பச் சொன்னான்.

எங்கள் ஊரில் கம்பளிக்கு எங்கே போவது? தை மாதக் குளிருக்கே ஒரு மேல்சட்டைக்கு மேல் போடாத ஊர். தெருத்தெருவாக அலைந்து, கடைசியில் வடக்கேயிருந்து வந்த ஒருவன் கடையில் பிடித்தேன். வீட்டுக்கு வந்து மடித்துக் கட்டும்போது இவர் பார்த்துவிட்டார்.

பனியனையே பார்த்தார். தடவினார். கண்ணை மூடி யோசித்தார். மாப்பிள்ளையின் கப்பல் இருப்பது தெற்கே, அங்கே பனியனே வேண்டாம், அப்படியானால் வடக்கே போகிறான், ஜப்பானையும் தாண்டி, அலாஸ்கா பக்கம், அதுவும் இந்த மாதம் முடிவதற்குள் என்று ஒவ்வொன்றாக அடுக்கினார்.

"உங்க கால்ல விழறேன், இதை வெளியில சொல்லாதீங்க," என்றேன்.

"நான் என்ன சின்னக் குழந்தையா?" என்றார்.

குழந்தையாக இருந்திருந்தால் வாயில் மிட்டாயையாவது திணித்திருக்கலாம். அன்று சாயங்காலமே ஆ-கிம்முக்கும் மற்ற தேநீர்க் கூட்டாளிகளுக்கும் கைப்பேசியில் குரல் பதிவு போய்விட்டது. 'எனக்கு உள்ளே ஆள் இருக்கிறது' என்று அதில் ஆரம்பம். ஆ-கிம்மின் அக்காள் மகன் அதை எடுத்து, ஒரு வரைபடம் போட்டு, சிவப்பு அம்புக்குறி வைத்து, பின்னால் முரசு கொட்டி வீடியோவாக விட்டுவிட்டான். ஊர் பேர் தெரியாத ஜனமெல்லாம் அதைப் பார்த்துக் கைதட்டியது. இவர் பூரித்துப்போனார். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். தவளையாவது தான் மட்டும் கெடும்.

நாலைந்து நாள் கழித்து இரண்டு பேர் கடைக்கு வந்தார்கள். சாதாரணச் சட்டை, மரியாதையான பேச்சு. ஒருவர் தேநீர் குடித்தார், மற்றவர் குடிக்கவில்லை. அந்தக் குடிக்காதவரைப் பார்த்ததுமே இவர்கள் அரசாங்க ஆட்கள் என்று எனக்குப் புரிந்துவிட்டது. இவருக்குப் புரியவில்லை. தன் வீடியோவைப் பார்த்துவிட்டு மேலே கேட்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு, கோப்பைகளை நகர்த்தி நகர்த்தி, எந்த வழியாகக் கப்பல் போகும், எங்கே திரும்பும் என்று முழுவதையும் விளக்கினார். நான் உள்ளேயிருந்து கண்ணைக் காட்டினேன், இருமினேன், ஒரு பீங்கானையே கீழே போட்டேன். அவர் நிறுத்தவில்லை. அவர்கள் பொறுமையாக எழுதிக்கொண்டார்கள். கடைசியில் ஒருவர், இந்த விவரம் யார் சொன்னது என்று கேட்டார்.

"யாரும் சொல்லலை. நானா யோசிச்சுக் கண்டுபிடிச்சேன்," என்றார் இவர், நெஞ்சை நிமிர்த்தி.

அது உண்மைதான், அதுதான் என் வயிற்றெரிச்சல். ஆனால் குரல் பதிவில் 'உள்ளே ஆள்' என்று இவரே சொல்லியிருக்கிறாரே. முப்பது வருஷமாக ஒன்றைக்கூடச் சரியாகச் சொல்லாத மனுஷன், சொன்ன ஒரே ஒரு சரியான விஷயம் இதுவாகப் போனது. தப்பாகச் சொல்லித் தொலைத்திருந்தால் யார் வரப்போகிறார்கள்?

இவருக்கு எச்சரிக்கையும் ஒரு கையெழுத்தும்தான். வயதானவர் என்று விட்டுவிட்டார்கள். ஆனால் அந்த 'உள்ளே ஆள்' மாப்பிள்ளைதான் என்று, கப்பல் கிளம்புவதற்கு முன்பே வுன்ஹாவை இறக்கிவிட்டார்கள். கரையில், கிடங்கில் வேலை. பதவி உயர்வும் போயிற்று. அவனே கூப்பிட்டுப் பெண்ணிடம் சொன்னான். யார்மேலும் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. கல்யாணத் தேதியைத் தள்ள வேண்டாம், இப்போது விடுமுறைக்குத் தடை இல்லை என்று மட்டும் சொன்னானாம்.

சியோக்லெங் கைப்பேசியை வைத்துவிட்டு அப்பாவின் எதிரில் போய் நின்றாள். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"உங்களுக்கு உலகமே தெரியும்ப்பா. அந்தக் கப்பல்ல அந்த ராடார் நாற்காலிக்காக அவர் எட்டு வருஷம் காத்திருந்தாரே, அது தெரியுமா?"

இவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் அதற்குள் உள்ளே போய்விட்டாள்.

கல்யாணம் குறித்த நாளில் நடந்தது. பெண்ணுக்குத் தங்கம் போட்டோம், வாத்தும் மீனும் சிப்பி அடையுமாகப் பன்னிரண்டு வகை பரிமாறினோம், நாத்தனார் புதுச் சட்டையில் வந்து குறை கண்டுபிடித்தாள். நான் எத்தனை கோயிலில் ஊதுவத்தி கொளுத்திக் கேட்டேனோ, அப்படியே மாப்பிள்ளை ஆளாக வந்து நின்றான். வெள்ளைச் சீருடையில் வருவான் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். கடையில் வாங்கிய கறுப்புக் கோட்டில் வந்தான். அது தோளில் கொஞ்சம் பெரிதாக இருந்தது. கேட்டது கிடைத்தும் என் மனசு ஆறவில்லை.

அவனுடைய கப்பல் நண்பர்களுக்கு என்று ஒரு மேஜை போட்டிருந்தோம். முதலில் தேதி குறித்தபோது அவன் கொடுத்த பத்துப் பெயர். அவர்கள் எல்லாரும் கடலில் இருந்தார்கள். காலியாகக் கிடக்கிறதே, சாவ்யாங் சொந்தக்காரர்களை உட்காரவைக்கட்டுமா என்று கேட்டேன். இருக்கட்டும் அத்தை என்றான். சூப் வந்து ஆறிற்று, மீன் வந்து ஆறிற்று, அந்த மேஜையில் யாரும் கை வைக்கவில்லை.

ஆ-கிம் நாலு கிண்ணம் மது உள்ளே போனதும் எழுந்து வந்தார். அவருக்குக் கெட்ட எண்ணமே கிடையாது, அதுதான் கஷ்டம். மாப்பிள்ளையின் தோளில் கைபோட்டு, எல்லாருக்கும் கேட்கும்படி, "ஏன் மாப்பிள்ளை, உங்க கப்பல் இப்போ எங்கே இருக்கு?" என்றார்.

சுற்றியிருந்த நாலு மேஜைக்காரர்களும் திரும்பிப் பார்த்தார்கள். என் வீட்டுக்காரர் சாப்பிடும் குச்சியைக் கீழே வைத்தார்.

வுன்ஹாவ் மரியாதையாக எழுந்து நின்றான். அவன் முகத்தில் கோபம் இல்லை. கேட்டதற்குப் பதில் சொன்னான், அவ்வளவுதான்.

"தெரியாது மாமா. என்கிட்ட இப்ப யாரும் எதையும் சொல்றதில்லை."