கீழ்வீட்டிலிருந்து வந்த கடிதம்

கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்த அன்று, ஆசிரியர் அறையில் எல்லோரும் கேட்டது ஒன்றுதான். புல்லட் ரயிலில் போனாயா? போனேன் என்றேன். குலுங்கவே இல்லை என்றேன். கல்கத்தா லேக் கார்டன்ஸில் எங்கள் எதிர் ஃப்ளாட் வங்காளி மாமி, நாங்கள் மாஷிமா என்று கூப்பிடுபவர், தெருவில் ஒரு காகிதம்கூடக் கிடக்காதாமே என்று கேட்டார். ஆமாம், கிடக்காது என்றேன். சொன்னதெல்லாம் உண்மை. சொல்லாமல் விட்டதுதான் அதிகம். ஜப்பானில் மூன்று வாரம் இருந்துவிட்டு நான் அதிர்ந்துபோய்த் திரும்பியிருந்தேன். அதற்கும் ரயிலுக்கும் சம்பந்தமில்லை.

என் அக்கா அங்கே இருந்தாள். தொண்ணூறுகளின் கடைசியில் கல்யாணமாகி, அத்திம்பேருக்கு யோகோஹாமாவில் வேலை கிடைத்துப் போனவள். நாங்கள் வளர்ந்த வீடு ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில். லோக்கல் ரயில் போகும்போதெல்லாம் பேச்சை நிறுத்த மாட்டோம், குரலை உயர்த்துவோம். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தொண்டை பெரிது. அக்காவுக்கு அதில் பாட்டும் இருந்தது. தினமும் காலையில் ஒரு மணி நேரம் சாதகம் செய்வாள். சரஸ்வதி பூஜைக்குத் தெருப் பந்தலில் பாட வைப்பார்கள். வார்த்தை ஒன்றும் புரியாத வங்காளிகள் ‘ஆரேக்டா’ என்பார்கள், இன்னொன்று பாடு என்று.

ஜப்பான் போன ஒரு வருஷத்துக்குள் அவள் குரல் மாறியது. போனில் மெல்லப் பேசினாள். இரண்டு வார்த்தைக்குமேல் பேசமாட்டாள். “இப்போ அவளுக்கு நம்மளோட பேசறதே பெரிய விஷயமாயிடுத்து” என்றாள் அம்மா. நான் மறுக்கவில்லை. வெளிநாட்டுக்குப் போனதும் கர்வம் வந்துவிட்டது என்றுதான் நானும் நினைத்தேன்.

நான்கு வருஷம் கழித்து, அவள் பலமுறை கூப்பிட்ட பிறகு, நான் போனேன். விமான நிலையத்தில் கட்டிக்கொண்டாள். ரயிலில் கிசுகிசுத்தாள். அங்கே ரயிலில் யாரும் பேசுவதில்லை, சரி என்று இருந்தேன். வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்திய பிறகும் கிசுகிசுத்தாள்.

“ஏண்டி அக்கா, தொண்டை சரியில்லையா?” என்று என் குரலில் கேட்டேன்.

அவள் ஓடிவந்து என் வாயைப் பொத்தினாள். விளையாட்டுக்கு இல்லை. “மெதுவா பேசு. கீழே கேக்கும்.”

அது இரண்டாவது மாடி. மரத்தரை. நாற்காலிக் கால்களுக்கெல்லாம் கம்பளித் துணி சுற்றியிருந்தாள். வீட்டில் மூன்று பேரும் தடிமனான சாக்ஸ் போட்டிருந்தார்கள். மிக்ஸியை இரண்டு டவலில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு ஓட்டினாள். குக்கர் சத்தம் போடப் போகிற நொடி அவளுக்குத் தெரியும். அதற்கு முன்னால் அடுப்பை அணைத்துவிடுவாள்.

இதைவிட என்னைத் திடுக்கிட வைத்தது அவளுடைய மூன்றரை வயதுப் பெண். பார்க்கில் மற்றக் குழந்தைகளோடு ஜப்பானிய மொழியில் கத்திக் கூச்சல் போட்டு விளையாடினாள். என்னைப் பார்த்ததும் ஓடிவந்து என் காதில் வாயை வைத்து, “சித்தி, ஊஞ்சல் ஆட்டி விடு” என்றாள் ரகசியமாக.

“வெளியிலதானே இருக்கோம், கொஞ்சம் சத்தமா சொல்லேன்” என்றேன்.

குழந்தை என்னைப் புரியாமல் பார்த்தது. “தமிழ் சத்தமா பேசக்கூடாது சித்தி.”

அந்தக் குழந்தைக்குத் தமிழ் என்றால் கிசுகிசுக்கும் மொழி. வேறு மாதிரி அதை அவள் கேட்டதே இல்லை.

அன்று சாயங்காலம் அக்காவைப் பிடித்து உட்கார வைத்தேன். அலமாரியிலிருந்து ஒரு கவரை எடுத்தாள். இரண்டு தாள், மேலிருந்து கீழாக அழகான கையெழுத்து. கீழ்வீட்டில் இருக்கும் வயதான அம்மாள் எழுதியது. அக்கா கர்ப்பமாக இருந்தபோது, இவர்கள் அங்கே போய் ஆறு மாதத்தில் வந்த கடிதம். அத்திம்பேருக்கு அப்போது அந்த மொழியில் கொஞ்சம்தான் எழுத்து தெரியும். கடிதத்தில் ‘மெய்வாகு’ என்ற சொல் இருந்தது. குப்பை போடும் இடத்திலும் சைக்கிள் நிறுத்தும் இடத்திலும் அறிவிப்புகளில் வரும் சொல். தொந்தரவு என்று அர்த்தம். பாட்டு என்பதற்கான எழுத்தையும் கண்டுபிடித்தார். அவருக்கு அது போதுமாக இருந்தது.

“நீ பாடறது தொந்தரவா இருக்காம். இது ஆபீஸ் கொடுத்த வீடு. புகார் போச்சுன்னா என் மானம் போயிடும்” என்றாராம். ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்துக்கொண்டு கீழே போய், கதவைத் திறந்த அம்மாளிடம் நாலைந்து முறை குனிந்து மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்துவிட்டார். அக்கா மறுநாளிலிருந்து பாடவில்லை. பிறகு, பேசவும் பயந்தாள்.

“வேற யாராவது படிச்சுப் பாத்தாளா?”

“எதுக்கு? திட்டினதை நாலு பேர்கிட்ட காட்டணுமா?”

சனிக்கிழமைகளில் அந்தப் பேட்டை மன்றத்தில் வெளிநாட்டவருக்கு இலவசமாக ஜப்பானிய மொழி சொல்லித் தரும் ஒரு பெண்மணி இருந்தார். ஆங்கிலம் தெரிந்தவர். அக்காவைக் கெஞ்சி அழைத்துப் போய் அந்தக் கடிதத்தைக் கொடுத்தேன். அவர் படித்தார். முதலிலிருந்து மறுபடி படித்தார். பிறகு எங்களைப் பார்க்காமல், தாளைப் பார்த்தபடியே மெல்ல ஆங்கிலத்தில் சொன்னார்.

என் கணவர் நோயில் படுத்திருக்கிறார். காலையில் உங்கள் வீட்டிலிருந்து ஒரு பாட்டு வருகிறது. அது கேட்கும்போது மட்டும் அவர் முனகுவதை நிறுத்திக் கண்ணைத் திறக்கிறார். உங்களுக்குத் தொந்தரவு தருகிறேன் என்று தெரியும். ஆனாலும் கேட்கிறேன். பாடும்போது உங்கள் ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைக்க முடியுமா?

“இன்னொரு தரம் சொல்லுங்கோ” என்று அக்கா தமிழில் கேட்டாள், அந்தப் பெண்மணியிடம். அதை நான் ஆங்கிலத்தில் அவரிடம் கேட்டேன்.

அந்தப் பெண்மணியே எங்களோடு கீழ்வீட்டுக்கு வந்தார். கதவைத் திறந்த பாட்டியம்மாள் மிகச் சிறிய உருவம். உள்ளே சுவரோரம் ஒரு சிறிய மாடத்தில் அவர் கணவரின் படம், முன்னால் ஒரு கிண்ணம் சோறு. அந்தக் கடிதம் எழுதிய வருஷக் குளிர்காலத்திலேயே அவர் போய்விட்டாராம். விஷயத்தைச் சொன்னதும் பாட்டியம்மாள் இரண்டு கையாலும் வாயை மூடிக்கொண்டார்.

“உங்கள் கணவர் வந்து மன்னிப்புக் கேட்டார். முடியாது என்கிறார் என்று நினைத்தேன். அன்றிலிருந்து பாட்டும் நின்றுவிட்டது. கேட்கக் கூடாததைக் கேட்டு உங்களைப் புண்படுத்திவிட்டேன் என்று நினைத்தேன். மாடிப்படியில் உங்களைப் பார்க்கவே எனக்கு வெட்கமாக இருக்கும்.”

நான்கு வருஷம் இரண்டு பேரும் மாடிப்படியில் தலையைக் குனிந்துகொண்டு ஒருவரையொருவர் தாண்டிப் போயிருக்கிறார்கள்.

அன்று அத்திம்பேர் வீட்டுக்கு வந்ததும் அக்கா கூடத்தின் நடுவில் நின்று கத்தினாள். எங்கள் வீட்டுக் குரல். “ஒரு மனுஷன் செத்துப் போயிட்டான்! பாட்டு கேக்கணும்னு கேட்டு, கேக்காமலே செத்துப் போயிட்டான்!” அத்திம்பேர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். குழந்தைதான் பயந்துபோய்விட்டது. தன் அம்மாவுக்கு இப்படி ஒரு குரல் இருக்கிறதென்று அதற்குத் தெரியாது. காதைப் பொத்திக்கொண்டு என் புடவைக்குள் முகத்தைப் புதைத்து வீறிட்டது.

மறுநாள் காலை அக்கா ஜன்னலைத் திறந்துவைத்துப் பாட உட்கார்ந்தாள். மேல் ஸ்தாயி எட்டவில்லை. கீழேயும் குரல் உடைந்தது. பத்து நிமிஷத்தில் எழுந்துவிட்டாள். நான் கிளம்பும்வரை மறுபடி உட்காரவில்லை.

கல்கத்தா திரும்பி அம்மாவிடம் எல்லாம் சொன்னேன். “இத்தனை வருஷம் போன்ல பேசினேனே” என்றாள் அம்மா. “ஏண்டி இப்படி மெல்லப் பேசறேன்னு ஒரு தடவையாவது கேட்டேனா? கர்வம்னு நானே முடிவு பண்ணிட்டேனே.” நானும்தான். அத்திம்பேரைத் திட்ட எங்களுக்கு வாய் எழவில்லை.

அடுத்த வருஷம் அவர்கள் விடுமுறைக்கு வந்தார்கள். ஒரு நாள் காலையில் டாக்குரியா ஏரியைச் சுற்றி நடக்க அத்திம்பேர் என்னோடு வந்தார். பாதி சுற்று வந்திருப்போம். அப்போது சொன்னார்.

“எனக்கு ரெண்டாவது வருஷமே தெரியும்.”

“என்ன தெரியும்?”

“அந்த லெட்டர். ஆபீஸ்ல பாஷை கத்துக் கொடுத்தா. எதையோ தேடறச்சே கையில கெடைச்சுது. படிச்சேன். புரிஞ்சுது. கீழ்வீட்டுக்காரர் அதுக்கு முன்னாடியே போயிட்டார். இனிமே சொல்லி என்ன ஆகப்போறதுன்னு திரும்ப அதே இடத்துல வெச்சுட்டேன்.”

என் கால் நின்றுவிட்டது. அதற்குப் பிறகும் இரண்டு வருஷம் அவள் குக்கரை அணைத்துக்கொண்டும், குழந்தையின் வாயைப் பொத்திக்கொண்டும் இருந்தாள். இவர் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டார்.

“ஏன் என்கிட்ட சொல்றேள்?”

“அவகிட்ட சொல்ல தைரியமில்லை.”

நான் அதை வைத்துக்கொண்டிருக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும், அம்மா எதிரிலேயே அக்காவிடம் சொன்னேன். கறிகாய் நறுக்கிக்கொண்டிருந்தவள் கத்தியைக் கீழே வைத்தாள். எழுந்து போய்ப் பெட்டியைத் திறந்து கடிதத்தை எடுத்தாள். அதைக் கூடவே கொண்டுவந்திருக்கிறாள் என்பது எங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது. அத்திம்பேர் உட்கார்ந்திருந்த அறைக்குப் போய் அவர் கையில் கொடுத்தாள்.

“அந்த பாஷையிலயே படிங்கோ. சத்தமா.”

அவர் படித்தார். நாங்கள் கூடத்தில் கேட்டுக்கொண்டிருந்தோம். எங்கேயும் தடுமாறவில்லை. நன்றாகவே படித்தார். ஒரே ஒரு இடத்தில் நிறுத்தினார். “ம், படிங்கோ” என்றாள் அக்கா. முடிக்கும்வரை அவள் உட்காரவில்லை.

மத்தியானம் எல்லோரும் சேர்ந்துதான் சாப்பிட்டோம். அக்கா அவருக்கும் பரிமாறினாள். அவர்கள் இன்றைக்கும் ஒன்றாகத்தான் இருக்கிறார்கள். எப்படி என்று நான் கேட்டதில்லை.